அறை கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும்

ஒரு நகரம் தன்பாலீர்ப்புள்ள பயணிகளை வரவேற்கிறதா என்ற கேள்விக்குப் பயண இதழ்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். எந்தத் தெருவில் அவர்களுக்கான மதுக்கூடங்கள் உள்ளன, எந்த நட்சத்திர விடுதி வானவில் கொடி ஏற்றியிருக்கிறது, நடனம் எத்தனை மணி வரை நடக்கும் என்று பட்டியல் போட்டுவிட்டு மதிப்பெண் இடுவார்கள். பாங்காக்கின் சீலோம், டோக்கியோவின் ஷின்ஜுகு நிச்சோமே, தைபேயின் சீமன் எல்லாம் இப்படிப் புகழ் பெற்ற இடங்கள்தான். இதே அளவுகோலைப் புதுச்சேரிக்கு வைத்தால், பிரெஞ்சு வீதிகளில் பழைய மாளிகைகளை விடுதிகளாக மாற்றியிருக்கும் நாலைந்து தெருக்களோடு ஆய்வு முடிந்துவிடும். ஆனால் புதுச்சேரி அந்தத் தெருக்களோடு முடிவதில்லை. பிரெஞ்சு வீதிகளை மற்றப் பகுதியிலிருந்து பிரிக்கும் கால்வாயைத் தாண்டி, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், வில்லியனூர் என்று விழுப்புரம் சாலையில் நீளும் ஊரும் புதுச்சேரிதான். அங்கே இருப்பவை சாதாரண லாட்ஜுகளும் ரெஸ்டோ பார்களும். கையில் காசு குறைவாக உள்ள பயணியும் உள்ளூர்க்காரரும் போவது அங்கேதான். ஒரு நகரத்தின் வரவேற்பை அதன் விலையுயர்ந்த விடுதியை வைத்து அளக்கக்கூடாது. சாதாரண லாட்ஜின் வரவேற்பு மேசையில் அளக்க வேண்டும். அந்த வரவேற்பு முதலாளியின் நல்ல மனதை நம்பி நிற்கக்கூடாது; விதியாக எழுதப்பட வேண்டும். இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இவ்வளவுதான்.

முதலில் ஆசியப் பெருநகரங்களின் அனுபவத்தைப் பார்ப்போம். தாய்லாந்தில் தன்பாலுறவு 1950களிலேயே குற்றப்பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. சீலோம் பகுதியின் இரண்டாம், நான்காம் சந்துகள் பல பத்தாண்டுகளாக இரவெல்லாம் ஒளிர்கின்றன. தாய்லாந்து சுற்றுலாத் துறையே இந்தப் பயணிகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தது. 2024இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்நாட்டுக்குப் போனார்கள். இங்கே கிடைக்காத நிம்மதியைத் தேடிப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த தன்பாலினத் தம்பதிக்குத் திருமண உரிமை கிடைத்தது 2025 ஜனவரி 23இல்தான். அதாவது வெளியூர்க்காரருக்கு இரவு விடுதி கிடைத்துப் பல பத்தாண்டுகள் கழித்தே உள்ளூர்க்காரருக்குக் குடும்பம் அமைக்கும் உரிமை கிடைத்தது. சிங்கப்பூரின் கதை இன்னும் பெரிய எச்சரிக்கை. 2001 முதல் ஆண்டுதோறும் நடந்த ‘நேஷன்’ என்ற பெருங்கொண்டாட்டத்துக்கு வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பயணிகள் வந்தார்கள். 2005இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மதுக்கூடங்கள் திறந்தே இருந்தன. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அது நீக்கப்பட்டது 2022 நவம்பரில் நாடாளுமன்றம் முடிவெடுத்த பிறகுதான். தைபேயில் 1908இல் கட்டப்பட்ட செம்மாளிகைச் சந்தைக் கட்டடத்தின் பின்முற்றம் இன்று திறந்தவெளி மதுக்கூடங்களால் நிறைந்திருக்கிறது. அதோடு கூடவே 2003 முதல் நடக்கும் பேரணியும், 2019 மே 24இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டமும் இருக்கின்றன. மூன்று நகரங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இரவு வாழ்க்கை வணிகத்தால் வரும். வணிகத்துக்கு உகக்காத நாளில், அல்லது அரசு முகம் சுளிக்கும் நாளில், போயும் விடும். சட்டத்தில் வேர் பிடித்தது மட்டுமே நிற்கும்.

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. அதை இங்குள்ளவர்களே அதிகம் பேசுவதில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1791இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம், வயதுவந்த இருவர் தனிமையில் இசைந்து கொள்ளும் தன்பாலுறவைக் குற்றங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. 1810இல் வந்த நெப்போலியன் காலச் சட்டமும் சேர்க்கவில்லை. பிரெஞ்சுச் சட்டம் நடந்த புதுச்சேரி ஒரு பக்கம். சில கல் தொலைவில், எல்லைக்கு அப்பால், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் அதன் 377ஆம் பிரிவும் ஆண்ட சென்னை மாகாணம் மறு பக்கம். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது; 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது; 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கேயும் நீட்டிக்கப்பட்டது. ஆக, விடுதலை பெற்ற மண்ணுக்கு, விடுதலைக்குப் பிறகு, வேறொரு காலனி ஆட்சியாளன் எழுதிய ஒரு பிரிவு வந்து சேர்ந்தது. இதை வைத்துப் பிரெஞ்சு ஆட்சியைச் சுதந்திரத்தின் பொற்காலம் என்று கொண்டாடுவது தவறு. தண்டனைச் சட்டத்தில் இல்லாத ஒன்றை ஊரும் சாதியும் குடும்பமும் தண்டிக்கலாம், தண்டித்தும் வந்தன. பொது ஒழுங்கின் பெயரால் காவலர்கள் துரத்துவதற்கும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனாலும் இந்த வரலாறு ஒரு வாதத்தை முறியடிக்கிறது. தன்பாலீர்ப்பைப் பொறுத்துக்கொள்வது இறக்குமதி என்றும், தண்டிப்பது நம் மரபு என்றும் சொல்பவர்களுக்குப் புதுச்சேரியின் சட்ட ஏடே மறுமொழி. இந்த ஊரில் இறக்குமதியானது தண்டனைதான். அது வந்த தேதியும் பதிவில் இருக்கிறது.

2018 செப்டம்பர் 6இல் நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவில், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பகுதியைச் செல்லாததாக்கியது. பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. குறை வரவேற்பு மேசையில் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் நடப்பது ஒன்றல்ல. இரண்டு ஆண்கள் ஒரு அறை கேட்டால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை; ஆதார் நகலை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். வேலை விஷயமாக வந்த கூட்டாளிகள், சென்னையிலிருந்து வார இறுதிக்குக் குடிக்க வந்த நண்பர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். இதை வரவேற்பு என்று சொல்ல முடியாது. கண்ணில் படாமலிருக்கும் வசதி மட்டுமே. கட்டில் ஒன்று போதும் என்று சொன்னாலோ, ஒருவரின் நடையும் உடையும் வேறாக இருந்தாலோ, அந்த வசதி அந்தக் கணமே போய்விடும். இரண்டு பெண்கள் தனியாக வந்தால் கேள்விகள் கூடும்: எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் தெரியுமா, யார் வந்து பார்ப்பார்கள். திருநங்கை வந்தால் அறை காலியாக இருந்தும் ‘ஃபுல்’ என்ற பதில் வரக்கூடும். ஆணும் பெண்ணும் திருமணமாகாமல் வந்தாலே தடுமாறும் மேசை இது. 2019இல் கோயம்புத்தூரில், திருமணமாகாத ஜோடிகள் தங்கினார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ஒரு விடுதிக்கு அதிகாரிகள் முத்திரையிட்டார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும், 2025 ஜனவரியில், ஓயோ விடுதி நிறுவனம் மீரட் நகரில் திருமணமாகாத ஜோடிகளிடம் உறவுக்குச் சான்று கேட்கும் விதியைக் கொண்டுவந்தது. ஆணும் பெண்ணும் என்றால் நாளை திருமணம் செய்து சான்று காட்டலாம். 2023 அக்டோபர் 17இல் சுப்ரியோ வழக்கில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால், தன்பால் இணையர் எந்த நாளிலும் காட்ட முடியாத சான்று அது.

புதுச்சேரியில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. இந்த ஊரில் பிரான்ஸ் குடியுரிமை கொண்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் இங்கிருந்தபடியே பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். 2013 மே மாதம் முதல் பிரான்சில் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். அப்படியானால் பாரிஸ் நகர மண்டபத்தில் மணம் முடித்த ஒரு புதுச்சேரித் தமிழர் தன் இணையோடு பிறந்த ஊருக்கு வந்தால், விடுதிப் பதிவேட்டில் அவர்கள் தொடர்பில்லாத இரண்டு பெயர்கள். வெளிநாட்டவர் என்பதால் அவர்களின் விவரத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க விடுதிக்குக் கடமை உண்டு. அவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு விதி விடுதியின் கையில் இல்லை. பிரெஞ்சுக் கட்டடக் கலையையும் பிரெஞ்சு ரொட்டியையும் காட்டிப் பயணிகளை அழைக்கும் ஊர், பிரெஞ்சுச் சட்டத்தின்படி குடும்பமானவர்களை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

இது வெளிநாட்டவர் கவலை மட்டும்தானே என்று கேட்பவர்கள் மூலக்குளம் வழியாகப் போகும் அதே சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள விழுப்புரத்துக்குப் போனால் போதும். சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். அந்த நாட்களில் விழுப்புரம் லாட்ஜுகள் நிரம்பி வழிகின்றன. கூத்தாண்டவராக வழிபடப்படும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் அந்தச் சடங்கு தமிழ் மண்ணின் பழைய வழிபாடு. எந்தப் பயண நிறுவனமும் கண்டுபிடித்ததல்ல. பால், பாலினம் சார்ந்து வேறுபட்டவர்கள் பெருந்திரளாகப் பயணம் செய்து, விடுதிகளில் தங்கி, அழகிப் போட்டியும் ஆடல்பாடலுமாக இரவைக் கொண்டாடும் பயணம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இரண்டு பாடங்கள் உள்ளன. தேவை இருந்தால் சாதாரண லாட்ஜும் கதவைத் திறக்கும் என்பது ஒன்று. அந்தச் சில நாட்களுக்கு வாடகையை ஏற்றிவிட்டு, திருவிழா முடிந்ததும் அதே ஆட்களைச் சந்தேகத்தோடு பார்க்கலாம் என்பது மற்றொன்று. ஆண்டில் சில நாள் மட்டும் கிடைக்கும் இடம் உரிமையாகாது.

ஆதரவாளர்களே அடிக்கடி முன்வைக்கும் ஒரு வாதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். இந்தப் பயணிகள் நன்றாகச் செலவழிப்பார்கள், ஆகவே அவர்களை வரவேற்பது லாபம் என்பது அந்த வாதம். இந்தியாவில் இதன் நல்ல முகத்தை லலித் விடுதிக் குழுமத்தில் காணலாம். அதன் நிர்வாகத்தில் இருக்கும் கேசவ் சூரி 2018இல் 377ஆம் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் ஒருவர். டெல்லியில் அந்தக் குழுமம் நடத்தும் ‘கிட்டி சூ’ இரவுக்கூடம் பெண்வேடக் கலைஞர்களுக்கு மேடை தந்தது. அதற்கு முன்னால், 1990களில், மும்பை கொலாபாவின் ‘வூடூஸ்’ மதுக்கூடத்தில் சனிக்கிழமை இரவுகள்தான் பலருக்குத் தங்களைப் போன்றவர்களைக் காணக் கிடைத்த ஒரே இடம். இவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தனிமையில் வாடிய எத்தனையோ பேருக்கு இவை உயிர் கொடுத்தன. ஆனால் லாபத்தின் மேல் கட்டிய வரவேற்பு லாபம் தருகிறவருக்கே கிடைக்கும். நட்சத்திர விடுதியின் ஓரிரவு வாடகை, வில்லியனூர்ப் பக்கத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞனின் பல நாள் கூலி. அவனுக்கும் அன்பு உண்டு, பயணம் உண்டு, ஓரிரவு நிம்மதியாகப் பேசிக் கழிக்க ஆசை உண்டு. பணக்காரத் தனிமையை உரிமை என்று பெயர் மாற்றி விற்பதை நாம் ஏற்றுக்கொண்டால், அவனை நாமே வெளியே நிறுத்தியதாகும். மேல்தட்டு இடங்களிலும் நல்ல மனது எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2019 ஜூலையில் சென்னை விடுதி ஒன்றின் நடனக்கூடத்தில் சேர்ந்து ஆடிய இரு பெண்கள் வெளியேற்றப்பட்டதாகப் பொதுவெளியில் புகார் எழுந்தது. காசு கொடுத்து உள்ளே போனவர்களுக்கே இப்படி என்றால், காசில்லாதவருக்குச் சட்டத்தைத் தவிர வேறு துணை கிடையாது.

விடுதி என்னுடையது, யாருக்கு அறை தருவது என்பது என் விருப்பம், குடும்பங்கள் தங்கும் இடம் இது என்று முதலாளி சொல்லலாம். தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அது தோற்ற வரலாறும் உண்டு. தனிப் பந்தி, தனிக் குவளை, ‘பிராமணாள்’ பலகை எல்லாம் இதே சொத்துரிமையின் பெயரால்தான் நியாயப்படுத்தப்பட்டன. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கத்தினர் நாள்தோறும் நின்று கைதானது உணவின் சுவைக்காக அல்ல. கடையின் பெயர்ப்பலகையில் சாதி இருக்கக்கூடாது என்பதற்காக. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, இரண்டாம் பிரிவு, கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்கிறது. இந்தப் பிரிவு அரசை மட்டும் அல்ல, தனியாரையும் கட்டுப்படுத்தும். ‘பால்’ என்பதில் பாலின அடையாளமும் அடங்கும் என்று திருநர் உரிமைகள் குறித்த 2014ஆம் ஆண்டு நால்சா தீர்ப்பும், பாலீர்ப்பும் அடங்கும் என்று நவ்தேஜ் தீர்ப்பும் விளக்கின. இங்கிலாந்தில் மதநம்பிக்கையைக் காட்டி இரண்டு ஆண்களுக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்த விருந்தில்ல உரிமையாளர்களுக்கு எதிராக 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இதே நியாயத்தில்தான். முதலாளி தன் விடுதியில் விதி வைக்கலாம். அந்த விதி செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஆளைப் பற்றியதாக இருக்கக்கூடாது. அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்களில் மது கூடாது, புகை கூடாது, இரவில் குறித்த நேரத்தில் கதவு அடைக்கப்படும். அது எல்லோருக்கும் ஒன்று. அதில் பாகுபாடு இல்லை. ‘உங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை’ என்பது விதியல்ல, விலக்கு.

இரண்டாவது மறுப்பு இரவு வாழ்க்கையைப் பற்றியது. இதைப் புதுச்சேரிக்காரர்கள் வேதனையோடு சொல்கிறார்கள். அந்த வேதனையில் நியாயம் இருக்கிறது. குடியிருப்புகளுக்கு நடுவே ரெஸ்டோ பார்கள் முளைத்து, நள்ளிரவில் இசையும் சண்டையும் தெருவுக்கு வருவதை எதிர்த்து இங்கே போராட்டங்கள் நடந்திருக்கின்றன. மலிவான மது, வார இறுதிக் கூட்டம், சாலை விபத்து என்று ஊர் ஏற்கெனவே சுமக்கிறது; இதில் இன்னொரு களியாட்டமா என்று கேட்கிறார்கள். ஆனால் ஒலி அளவும் மூடும் நேரமும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் யாரை யார் விரும்புகிறார் என்பதோடு தொடர்பில்லாதவை. அவற்றை எல்லோருக்கும் ஒன்றுபோல் கட்டுப்படுத்தட்டும். அதோடு, மறைவிடம்தான் குற்றத்தை வளர்க்கிறது. கைபேசிச் செயலிகள் வழியாகப் பழகி, ஆளரவமற்ற இடத்துக்கோ அறைக்கோ வரவழைத்து, அடித்து, படம் எடுத்து, பணம் பறிக்கும் வழக்குகள் தமிழ்நாட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பறிகொடுத்தவர் காவல் நிலையம் போகமாட்டார், போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் பறிப்பவரின் மூலதனம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே இல்லாததால், ஆண் மீது நிகழும் பாலியல் வன்முறைக்கு நேரடியான பிரிவும் இல்லாமல் போயிற்று. வெளிச்சமான, பெயர் சொல்லிப் பதிவு செய்யக்கூடிய, கேள்வி கேட்காத ஒரு சாதாரண அறை இந்த ஆபத்துக்கு மாற்று. தன்பாலீர்ப்பாளருக்கென்று தனி மதுக்கூடம் ஒன்று புதுச்சேரிக்கு வேண்டுமா என்பதைச் சந்தை தீர்மானிக்கட்டும். இருக்கிற தேநீர்க்கடையிலும் உணவகத்திலும் கடற்கரைச் சாலையிலும் இருவர் அருகருகே அமர்ந்திருப்பதை யாரும் அதட்டாமலிருப்பதை அரசு உறுதி செய்யட்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை, முன்மாதிரிகளும் இருக்கின்றன. ஜப்பான் 2018இல் தன் விடுதித் தொழில் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, பாலீர்ப்பைக் காரணம் காட்டி அறை மறுக்கக்கூடாது என்று சேர்த்தது. திருமணச் சட்டம் வரும்வரை அந்நாடு காத்திருக்கவில்லை. விடுதித் தொழிலுக்கான நெறிகளின் வழியாகவே அதைச் செய்தது. புதுச்சேரியும் உழவர்கரையும் வணிக உரிமம் வழங்கும் நகராட்சிகள்; அந்த உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க மத்திய சட்டம் எதுவும் தேவையில்லை. அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் விடுதிகளிலும் உணவகங்களிலும் முதலில் இதை அறிவித்துப் பலகை வைக்கலாம். காவல்துறையைப் பொறுத்தவரை, 2021இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த வழிகாட்டுதல்களைத் தொடர்ந்து, 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, தன்பாலீர்ப்பாளரையும் திருநரையும் துன்புறுத்துவதை ஒழுங்கீனமாக்கியது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் அந்தத் திருத்தம் இந்த எல்லையைத் தாண்டாது. ஆனால் இரண்டுக்கும் உயர் நீதிமன்றம் ஒன்றே. 2025 மே மாதத்தில், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு அடிப்படை அல்ல, தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சொல்லை லாட்ஜின் பதிவேடு வரை கொண்டுசேர்ப்பது புதுச்சேரி ஆட்சியாளர்களின் வேலை. திருநங்கையருக்கு 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொது இடங்களிலும் சேவைகளிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது; அதை விடுதி ஊழியர்களுக்குப் படித்துக் காட்டியவர் யார் என்று தொழிலாளர் துறையும் சுற்றுலாத் துறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனெனில் இரவு நேர வரவேற்பாளர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் நிற்கும் இளைஞர். முதலாளிக்கும் காவலருக்கும் பயந்து முடிவெடுப்பவர். எழுத்தில் ஒரு விதி இருந்தால் முதலில் காப்பாற்றப்படுவது அவர்தான்.

சட்டத்தால் மனம் மாறுமா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். மனம் மாறும்வரை ஒருவர் தெருவில் நிற்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. உணவகங்களில் பந்தி ஒன்றானது எல்லோர் மனமும் மாறிய பிறகல்ல. ஒன்றாக உட்கார வைத்த பிறகுதான் மனங்கள் மாறத் தொடங்கின. புதுச்சேரி அடுத்த முறை தன்னைப் பயணிகளின் சொர்க்கம் என்று விளம்பரம் செய்யும்போது, விழுப்புரம் சாலையில் உள்ள ஒவ்வொரு லாட்ஜும் அடையாள அட்டையும் வாடகையும் மட்டும் கேட்டு, வேறெதுவும் கேட்காமல் சாவியைத் தரும் என்று உறுதி சொல்ல அதற்குத் துணிவு வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் இந்த அரசிடமும் இந்த நகராட்சிகளிடமும் இன்றே இருக்கிறது.